வால்யூம் பூஜ்யத்தில் இருந்தாலும் ஸ்பீக்கரில் ‘ஸ்ஸ்ஸ்’ சத்தம், எங்கிருந்து வருகிறது?

மொட்டைமாடி_ரேடியோ:

வணக்கம் நண்பர்களே. பாட்டு கேட்பதற்காக நானே ஒரு ஆம்ப் அசெம்பிள் பண்ணியிருக்கிறேன். ப்ளூடூத் போர்டு, அதிலிருந்து 4558 ஐசி போட்ட பாஸ் ட்ரெபிள் போர்டு, அதிலிருந்து டிபிஏ 3116 மெயின் போர்டு. மெயின் போர்டுக்கு 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச்சிங் பவர் சப்ளை), பாஸ் ட்ரெபிள் போர்டுக்குத் தனியாக 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், அதே 12 வோல்ட்டிலிருந்து 7805 ரெகுலேட்டர் போட்டு ப்ளூடூத்துக்கு 5 வோல்ட். ஸ்பீக்கர் 8 இன்ச் ஃபுல் ரேஞ்ச், அப்பா வைத்திருந்த பழைய பெட்டி, சென்சிட்டிவிட்டி (கொடுக்கிற வோல்டேஜுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது) 95 டிபி, அதாவது டெசிபல், என்று பின்னால் அச்சடித்திருக்கிறது.

பாட்டு ஓடும்போது ஒரு குறையும் இல்லை, குரல் எல்லாம் முன்னால் நின்று பாடுகிற மாதிரிதான் இருக்கிறது. பாட்டு நின்றதும் இரண்டு பெட்டியிலிருந்தும் ஸ்ஸ்ஸ் என்று ஒரே சீராகச் சத்தம். பகலில் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் தெரு அடங்கிய பிறகு கட்டிலில் படுத்திருந்தாலே காதில் விழுகிறது. வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டு வந்தாலும் போவதில்லை, அதுதான் எனக்குப் புரியவே மாட்டேன் என்கிறது. ட்ரெபிளை ஏற்றினால் கூடுகிறது. ஹம் கிடையாது.

சாமான் வாங்கிய கடையில் கேட்டதற்கு ஷீல்டு வயர் மாற்றுங்கள், ஃபில்டர் கண்டன்சரை 10,000 மைக்ரோஃபாரட் ஆக்குங்கள் என்றார்கள். இரண்டையும் செய்தாயிற்று, துளி கூட மாற்றம் இல்லை. அடுத்து என்ன மாற்ற வேண்டும்? மெயின் போர்டையே தூக்கிப் போட்டுவிடலாமா?

கனத்த_டிரான்ஸ்ஃபார்மர்:

எஸ்எம்பிஎஸ் போட்டாலே இப்படித்தான் நண்பரே. உங்கள் 3116 மாதிரி ஸ்விட்ச் ஆகி ஓடுகிற கிளாஸ் டி போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்ந்தால் இரைச்சல் இல்லாமல் இருக்காது. நல்ல டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று கட்டி, டிடிஏ 7294 போர்டு போடுங்கள், சத்தம் போய்விடும். பழைய ஆட்கள் அதைத்தான் போடுவார்கள்.

சாலிடர்_அண்ணாச்சி:

தம்பி, இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். தூக்கிப் போடவும் வேண்டாம். நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது.

முதலில் சத்தத்தின் வகையைப் பிரிக்க வேண்டும். ம்ம்ம் என்று அடித்தொண்டையில் வந்தால் அது ஹம், கரண்டின் 50 அல்லது 100 ஹெர்ட்ஸ். ஃபில்டர் கண்டன்சர், ஷீல்டு வயர், கிரவுண்ட் லூப் எல்லாம் அங்கேதான் பேச வேண்டிய பேச்சு. ஃபேன் ரெகுலேட்டரைத் திருப்பும்போது ர்ர்ர் என்று வந்தால் அது கரண்ட் லைன் வழியாக வரும் ரீங்காரம். போன் டேட்டா எடுக்கும்போது கீச் கீச் என்று இழுத்தால் டிஜிட்டல் போர்டின் கரண்ட் இழுப்பு கிரவுண்டில் கலக்கிறது என்று அர்த்தம். உங்களுடையது இது எதுவும் இல்லை. சீராக, ஏற்ற இறக்கமே இல்லாமல் ஸ்ஸ்ஸ் என்று வருவது சர்க்யூட்டுக்குள்ளேயே பிறக்கிற இரைச்சல். அதை வெளியிலிருந்து யாரும் உள்ளே கொண்டு வரவில்லை, அதனால்தான் ஷீல்டு வயரால் அதைத் தடுக்க முடியவில்லை. கடைக்காரர் சொன்ன வைத்தியம் வேறு வியாதிக்கானது.

எஸ்எம்பிஎஸ் பற்றி மேலே நண்பர் சொன்னதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எஸ்எம்பிஎஸ் ஸ்விட்ச் ஆவது பல பத்தாயிரம் ஹெர்ட்ஸில், 3116 ஐசி ஸ்விட்ச் ஆவது 400 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் மேலே. காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. மட்டமான எஸ்எம்பிஎஸ் விசில் அடிக்கும், ரேடியோவைக் கெடுக்கும், அது உண்மை. இந்த மாதிரி மெத்தென்ற சீரான ஹிஸ்ஸுக்கு அதைக் குற்றவாளி ஆக்குவது சரியில்லை. அப்புறம் 7294 அருமையான ஐசி, சந்தேகமே இல்லை, அதன் சொந்த இரைச்சல் மிகக் குறைவு. ஆனால் அதன் கெயினை (பெருக்கும் அளவை) 24 டிபிக்குக் கீழே இறக்கக் கூடாது என்று டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது, வழக்கமாக வரும் போர்டுகளில் 30 டிபி. அதாவது உள்ளே வருவதை 32 மடங்கு பெருக்கும். முன்னால் இருக்கிற போர்டு இரைந்தால் அந்த இரைச்சலையும் அதே 32 மடங்கு பெருக்கித்தான் கொடுக்கும். செலவு செய்தபின் அதே சத்தத்தைத்தான் கேட்பீர்கள்.

இரைச்சல் எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள். எந்த ரெசிஸ்டரை எடுத்தாலும், அதில் கரண்டே ஓடாமல் மேசையில் சும்மா கிடந்தாலும், உள்ளே எலக்ட்ரான்கள் வெப்பத்தால் அலைந்துகொண்டே இருப்பதால் அதன் இரண்டு முனைக்கும் நடுவே ஒரு சின்ன வோல்டேஜ் தாறுமாறாக ஆடிக்கொண்டே இருக்கும். இதை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அளந்தார், நைக்விஸ்ட் கணக்குப் போட்டு விளக்கினார், இரண்டு பேர் கட்டுரையும் 1928இல் வந்தது. அந்தக் கணக்குப்படி, காது கேட்கும் 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்கு, அறை வெப்பத்தில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டரில் சுமார் 0.57 மைக்ரோவோல்ட் இருக்கும். 100 கிலோ ஓம் என்றால் 5.7 மைக்ரோவோல்ட். ஓம் நூறு மடங்கு கூடினால் இரைச்சல் பத்து மடங்கு கூடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரெசிஸ்டரும் இதிலிருந்து தப்ப முடியாது. மெட்டல் ஃபிலிம் போட்டால் பழைய கார்பன் கட்டைகளில் கரண்ட் ஓடும்போது கூடுதலாக வருகிற பொரிச்சல் போகும், இந்த அடிப்படை இரைச்சல் போகாது.

இதற்கு மேல் ஐசிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர்களின் இரைச்சல். ஆப் ஆம்ப் (உங்கள் 4558 மாதிரி சிக்னலைப் பெருக்கும் ஐசி) டேட்டாஷீட்டில் இதை நானோவோல்ட் கணக்கில் கொடுத்திருப்பார்கள். என்இ 5532க்கு 5, 4558க்கு 8 பக்கம், பழைய டிஎல் 072க்கு 18. உங்கள் போர்டில் இருப்பது நடுத்தரம்தான், மோசம் என்று சொல்ல மாட்டேன்.

இந்த மைக்ரோவோல்ட் எல்லாம் காதில் விழுமா என்று கேட்பீர்கள். இப்படியே விழாது. ஆனால் பாஸ் ட்ரெபிள் போர்டில் சுற்றிலும் 100 கிலோ ஓம் கண்ட்ரோல்கள், நடுவில் கெயின் கொடுக்கும் ஒரு ஸ்டேஜ், எல்லாம் சேர்ந்து வெளியே வரும்போது 30 மைக்ரோவோல்ட் இருப்பது சாதாரணம். 3116 போர்டின் கெயின் 32 டிபி என்று வைத்துக்கொண்டால் அது 40 மடங்கு. 30ஐ 40ஆல் பெருக்கினால் ஸ்பீக்கர் முனையில் 1.2 மில்லிவோல்ட். உங்கள் ஸ்பீக்கர் 2.83 வோல்ட்டுக்கு ஒரு மீட்டரில் 95 டிபி கொடுக்கிறது என்றால், 1 மில்லிவோல்ட்டுக்கு 26 டிபி கொடுக்கும். ராத்திரி ஃபேன் இல்லாத படுக்கை அறை 25, 30 டிபிதான் இருக்கும். அதனால்தான் பகலில் தெரியாமல் ராத்திரி தெரிகிறது. இதே ஆம்பை 85 டிபி ஸ்பீக்கரில் மாட்டியிருந்தால் நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள். அப்பாவின் பெட்டியில் ஒரு குற்றமும் இல்லை, அது கொஞ்சம் கரண்டுக்கே நன்றாகப் பாடுகிற பெட்டி, அதனால் கொஞ்ச இரைச்சலையும் நன்றாகப் பாடுகிறது.

சரி, இது ஊகம். சோதித்துப் பாருங்கள். பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும். ஆம்பை அணைத்துவிட்டு, மெயின் போர்டின் இன்புட்டுக்கு வரும் வயரைக் கழற்றி, இரண்டு சேனலிலும் சிக்னல் முனையை கிரவுண்டோடு ஷார்ட் பண்ணுங்கள் (இன்புட்டில்தான், அவுட்புட்டில் அல்ல, 3116இன் ஸ்பீக்கர் முனை எதையும் கிரவுண்டில் தொடவே கூடாது). ஆன் பண்ணிக் கேளுங்கள். வருகிற சத்தம் மெயின் போர்டின் சொந்தச் சத்தம். மறுபடி அணைத்து, பாஸ் ட்ரெபிள் போர்டை மாட்டி, அதன் இன்புட்டை மட்டும் ஷார்ட் பண்ணிக் கேளுங்கள், ட்ரெபிளை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கடைசியாக ப்ளூடூத். எந்தப் படியில் சத்தம் குதிக்கிறதோ அங்கேதான் வேலை. ட்ரெபிளை ஏற்றினால் கூடுகிறது என்று நீங்களே எழுதியிருப்பதால், பிறப்பிடம் ட்ரெபிள் கண்ட்ரோலுக்கு முன்னாலோ அந்த ஸ்டேஜிலோதான் என்பது என் கணிப்பு. ஒன்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், வால்யூம் கண்ட்ரோல் பாஸ் ட்ரெபிளுக்கு முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா?

குரல்_பதிவு:

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும் அண்ணாச்சி, என் பிரச்சினையும் இதே ஸ்ஸ்ஸ்தான், ஆனால் பதிவு பண்ணும்போது. கதை வாசித்து ஏற்றுகிறேன். ஷூர் எஸ்எம் 7பி மைக், அதைக் கம்ப்யூட்டரில் இணைக்க ஒரு சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ். கெயினைக் கிட்டத்தட்ட முழுக்க வைத்தால்தான் குரல் எழும்புகிறது, அப்போது பின்னால் இரைச்சலும் எழும்புகிறது. மைக்குக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் மாட்டுகிற பூஸ்டர் ஒன்று வாங்கச் சொல்கிறார்கள், மைக்கின் விலையில் பாதி வருகிறது. வாங்கலாமா?

ஒலிக்கூடம்:

நான் பதிவுத் துறையில் இருப்பதால் இதற்கு நான் பதில் சொல்கிறேன். வாங்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி: வாய்க்கும் மைக்குக்கும் எவ்வளவு தூரம்?

ஏன் கேட்கிறேன் என்றால் எஸ்எம் 7பி மிகக் குறைவாகக் கொடுக்கிற மைக். 94 டிபி சத்தத்துக்கு 1.12 மில்லிவோல்ட்தான். மேடையில் பாடுகிற எஸ்எம் 58 கூட 1.85 கொடுக்கும். ரோடு என்டி1 ஏ மாதிரியான கண்டென்சர் மைக் 25 கொடுக்கும். அதனால் எஸ்எம் 7பிக்குப் பேச்சு பதிவுக்கு 60 டிபி கெயின் கட்டாயம் வேண்டும், அதைத் தயாரிப்பாளரே சொல்கிறார்கள். அண்ணாச்சி சொன்ன அதே ஜான்சன் இரைச்சல் மைக்கின் காயிலிலும் இருக்கிறது. 150 ஓமுக்குக் கணக்குப் போட்டால் 0.22 மைக்ரோவோல்ட், எங்கள் பாஷையில் மைனஸ் 131 டிபியூ (வோல்டேஜை டெசிபலில் சொல்கிற கணக்கு). மைக் சிக்னலை முதலில் பெருக்குகிற ப்ரீ ஆம்ப் உலகத்தில் எதுவும் இதற்குக் கீழே போக முடியாது. நல்ல இன்டர்ஃபேஸ்கள் மைனஸ் 128 வரை வந்துவிட்டன.

உங்கள் இன்டர்ஃபேஸின் விவரத்தாளில் ‘இஐஎன்’ என்று ப்ரீ ஆம்பின் இரைச்சலைச் சொல்கிற ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கள். மைனஸ் 128 பக்கம் இருந்தால் பூஸ்டர் வாங்கி ஒரு பிரயோஜனமும் இல்லை, அதிகபட்சம் 3 டிபிதான் மிச்சம் பிடிக்க இடம் இருக்கிறது, அதையும் பூஸ்டரின் சொந்த இரைச்சல் கொஞ்சம் தின்றுவிடும். மைனஸ் 120 மாதிரி இருந்தால், அல்லது கெயினைக் கடைசிக் கால் பங்குக்குத் திருப்பும்போது மட்டும் இரைச்சல் திடீரென்று பொங்கினால், பூஸ்டர் நிஜமாகவே உதவும். அது இன்டர்ஃபேஸ் மைக் வயரிலேயே அனுப்புகிற 48 வோல்ட் ஃபேன்டம் பவரை எடுத்துக்கொண்டு 25 டிபி பக்கம் முன்னாலேயே ஏற்றிவிடுகிறது, அதனால் இன்டர்ஃபேஸின் கெயினைக் குறைவாக வைத்தால் போதும்.

ஆனால் தூரம்தான் பெரிய விஷயம், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. தூரம் பாதியானால் குரல் 6 டிபி கூடும். 30 சென்டிமீட்டரில் பேசுகிறவர் 5 சென்டிமீட்டருக்கு வந்தால் 15 டிபிக்கு மேல் கிடைக்கிறது, கெயினை அதே 15 டிபி குறைக்கலாம், இரைச்சலும் 15 டிபி இறங்குகிறது. காசு கொடுத்து வாங்கும் எந்தப் பெட்டியும் இந்த அளவுக்குத் தராது. மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் ஓரமாகச் சாய்த்து வைத்தால் ப, பா எழுத்துகளில் காற்று முட்டாது. நெருங்கினால் குரலில் பாஸ் கூடும், மைக்கின் பின்னால் இருக்கிற பாஸ் குறைக்கும் ஸ்விட்சைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஃபேனையும் ஏசியையும் அணைத்துவிட்டு ஒரு நிமிடம் யாரும் பேசாமல் பதிவு பண்ணிக் கேளுங்கள். இரைச்சல் என்று என்னிடம் கொண்டு வருகிற பதிவுகளில் நிறைய ஃபேன் காற்றாகத்தான் இருக்கும். அப்புறம் கம்ப்ரெஸர் போடுகிறீர்களா? அது சத்தமான இடங்களை அமுக்கிவிட்டு மொத்தத்தையும் தூக்குவதால், வாக்கியத்துக்கு நடுவில் இருக்கும் மௌனமும் கூடவே தூக்கப்படும். 10 டிபி அமுக்கி 10 டிபி ஏற்றினால் இரைச்சலும் 10 டிபி ஏறியிருக்கும்.

மென்பொருளில் இரைச்சல் நீக்குவதைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். ஆடாசிட்டியில் செய்யலாம், 6 அல்லது 9 டிபியோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும், கதை கேட்கிறவர்களுக்கு மெல்லிய ஸ்ஸ்ஸை விட அது பல மடங்கு தொந்தரவு.

குரல்_பதிவு:

மிக்க நன்றி சார். மைக் மேசை ஸ்டாண்டில் இருக்கிறது, ஒரு முழம் தூரம் இருக்கும். புத்தகம் நடுவில் இருப்பதால் நெருங்க முடியவில்லை. ஆர்ம் ஸ்டாண்டு வாங்கி நெருக்கிப் பார்க்கிறேன், பூஸ்டர் அப்புறம்தான்.

மொட்டைமாடி_ரேடியோ:

அண்ணாச்சி, நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்து பார்த்துவிட்டேன்.

மெயின் போர்டு இன்புட் ஷார்ட்: கோன் பக்கத்தில் காதை வைத்தால் லேசாகக் கேட்கிறது, கட்டிலுக்கு வரவே இல்லை. பாஸ் ட்ரெபிள் போர்டை மாட்டி அதன் இன்புட்டை ஷார்ட் பண்ணியதும் முழு ஸ்ஸ்ஸும் வந்துவிட்டது, ட்ரெபிளைத் திருப்பத் திருப்ப அதன் நிறமே மாறுகிறது. ப்ளூடூத்தை மாட்டினால் ஸ்ஸ்ஸ் கூடவில்லை, ஆனால் கூடவே மெல்லிசாக ஒரு கீச் கீச், பாட்டை நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டும். இதை நான் முன்னால் கவனிக்கவில்லை.

வால்யூம் பாஸ் ட்ரெபிளுக்கு முன்னால் இருக்கிறது. போர்டு அப்படித்தான் வந்தது. மெயின் போர்டில் ஒரு சின்ன வால்யூம் இருக்கிறது, அதை முழுக்க வைத்திருக்கிறேன்.

சாலிடர்_அண்ணாச்சி:

அப்படியானால் வால்யூம் பூஜ்யத்தில் ஏன் சத்தம் போகவில்லை என்ற உங்கள் குழப்பத்துக்கு விடை வந்துவிட்டது. வால்யூம் குறைப்பது தனக்கு முன்னால் வருகிறதை மட்டும்தான். அதற்குப் பின்னால் பிறக்கிற இரைச்சல் அந்தக் கண்ட்ரோலைப் பார்க்கவே பார்க்காது, நேராக மெயின் போர்டுக்குப் போய் 40 மடங்காகி வெளியே வரும்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான், எந்த ஆம்புக்கும் பொருந்தும்: கடைசி ஸ்டேஜில் தேவைக்கு மேல் கெயின் வைத்துக்கொண்டு முன்னாலேயே வால்யூமைக் குறைத்துக் கேட்பதுதான் ஹிஸ்ஸுக்கு நாம் கொடுக்கிற இடம். சிக்னலைத் தொடக்கத்திலேயே பெரிதாக்கி, அப்படியே பெரிதாகவே கடைசி வரை கொண்டு வந்து, கடைசியில் தேவையான அளவுக்கு மட்டும் பெருக்க வேண்டும். உங்களிடம் தலைகீழாக இருக்கிறது. வாய்ப்பாட்டைப் போட்டுப் பாருங்கள்: 24 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 3116 கொடுக்கக்கூடியது 16 வோல்ட் ஆர்எம்எஸ், 30 வாட்ஸ் பக்கம். கெயின் 20 டிபி, அதாவது 10 மடங்கு இருந்தால், 1.6 வோல்ட் உள்ளே வந்தாலே அது முழுச் சத்தத்துக்குப் போய்விடும். உங்கள் பாஸ் ட்ரெபிள் போர்டு 12 வோல்ட்டில் ஓடுவதால் 3 வோல்ட் வரை தாராளமாகக் கொடுக்கும். அப்புறம் 32 டிபி எதற்கு? அந்த 12 டிபி முழுக்க முழுக்க இரைச்சலைத் தூக்குவதற்கு மட்டும்தான் பயன்படுகிறது.

எளிதானதிலிருந்து சொல்கிறேன்.

இன்று ராத்திரியே செய்யக்கூடியது: மெயின் போர்டில் இருக்கிற சின்ன வால்யூமைப் பாதிக்கும் கீழே கொண்டு வாருங்கள், போனிலும் முன் வால்யூமிலும் நன்றாக ஏற்றிக் கேளுங்கள். ஹிஸ் எவ்வளவு இறங்குகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

பிடித்திருந்தால் நிரந்தரமாக்கலாம். மெயின் போர்டின் இன்புட்டுக்கு முன்னால் ஒவ்வொரு சேனலுக்கும் 10 கிலோ ஓம் சீரிஸில், அதற்குப் பிறகு 3.3 கிலோ ஓம் கிரவுண்டுக்கு. 32 டிபி போர்டின் இன்புட் 15 கிலோ ஓம் இருக்கும், அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் 13 டிபி குறையும். அஞ்சு ரூபாய் வேலை. இதில் முன்னாலிருந்து வரும் இரைச்சல் குறையும், 3116இன் சொந்த இரைச்சல் அப்படியே இருக்கும்.

அதையும் குறைக்க வேண்டுமென்றால் ஐசியின் கெயினையே மாற்ற வேண்டும். 3116இல் 20, 26, 32, 36 என்று நான்கு கெயின் உண்டு, ஐசியின் ஒரு காலில் இருக்கிற இரண்டு ரெசிஸ்டர்தான் அதை முடிவு செய்கிறது. கிரவுண்டுக்குப் போகிற ரெசிஸ்டர் 39 கிலோ ஓமும், மேலே போகிறது 100 கிலோ ஓமும் இருந்தால் 32 டிபி. 20 கிலோ ஓமும் 100 கிலோ ஓமும் இருந்தால் 26. 100 கிலோ ஓமை எடுத்துவிட்டு, கிரவுண்டுக்குப் போகிற இடத்தில் 5.6 கிலோ ஓம் போட்டால் 20 டிபி. எஸ்எம்டி (போர்டின் மேலேயே ஒட்டியிருக்கிற மிகச் சின்ன) ரெசிஸ்டர் என்பதால் மெல்லிய முனை உள்ள சாலிடரிங் அயர்னும் நல்ல கண்ணும் வேண்டும். இந்த வழியில் போனால் மேலே சொன்ன 10 கிலோ ஓம், 3.3 கிலோ ஓம் வேண்டாம். இரண்டையும் செய்தால் சத்தம் போதாது.

பாஸ் ட்ரெபிள் போர்டில் 4558ஐக் கழற்றி 5532 போடலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். போடலாம், சாக்கெட்டில் நேராக உட்காரும், கொஞ்சம் கூடுதல் கரண்ட் இழுக்கும். ஆனால் சுற்றிலும் 100 கிலோ ஓம் கண்ட்ரோல் இருக்கும்வரை பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்காதீர்கள். அங்கே ஐசியை விட ரெசிஸ்டர்தான் அதிகம் இரைகிறது, தவிர 5532இன் கரண்ட் இரைச்சல் பெரிய ஓம்களில் வோல்டேஜாக மாறும். 100 கிலோ ஓம் கண்ட்ரோலை 10 ஆக்கி, கூட இருக்கிற ரெசிஸ்டர்களையும் பத்தில் ஒரு பங்காக்கி, கண்டன்சர்களைப் பத்து மடங்காக்கினால் அதே பாஸ், அதே ட்ரெபிள், ரெசிஸ்டர் இரைச்சல் மட்டும் 10 டிபி குறைவு. 5532 அப்போதுதான் தன் வேலையைக் காட்டும். அது புதிதாக போர்டு அடிக்கும்போது செய்ய வேண்டிய வேலை.

கீச் கீச்சுக்கு வேறு வைத்தியம். ப்ளூடூத் போர்டும் பாஸ் ட்ரெபிள் போர்டும் ஒரே 12 வோல்ட்டின் கிரவுண்டைப் பகிர்கின்றன. ப்ளூடூத் ஐசி கரண்டை விட்டு விட்டு இழுக்கும்போது அந்தக் கிரவுண்ட் வயரில் விழுகிற சின்ன வோல்டேஜ் சிக்னலோடு சேர்ந்துவிடுகிறது. பி0505எஸ் என்று ஒரு சின்ன ஐசொலேட்டட் மாட்யூல் கிடைக்கும், 5 வோல்ட் உள்ளே, 5 வோல்ட் வெளியே, நடுவில் கிரவுண்ட் தொடர்பு இருக்காது. ப்ளூடூத்துக்கு அதன் வழியாகக் கொடுங்கள், கிரவுண்ட் ஆடியோ வயர் வழியாக மட்டும் போகட்டும். ஒரு வாட் மாட்யூல் என்பதால் 200 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கிற போர்டாக இருந்தால் தாங்காது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கனத்த_டிரான்ஸ்ஃபார்மர்:

கெயின் விஷயத்தில் அண்ணாச்சி சொல்வது சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கேட்பதற்கு 7294 நன்றாக இருக்கும் என்பதில் நான் மாறமாட்டேன்.

கேசட்_பெட்டி:

கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறவர்களுக்கும் இதே விதிதான், அதனால் எழுதுகிறேன். கேசட்டில் ஹிஸ் டேப்பிலேயே இருக்கிறது. நாடா நகர்வது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர், ஸ்டூடியோ டேப் 38 சென்டிமீட்டர் ஓடும். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், அதில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து நான்கு டிராக், ஒவ்வொன்றும் 0.6 மில்லிமீட்டர் இருக்கும். அவ்வளவு குறுகிய, மெதுவான நாடாவில் சிக்னல் சின்னதாகத்தான் எழுத முடியும், காந்தத் துகள்களின் இரைச்சல் பக்கத்திலேயே நிற்கும். டால்பி பி 1968இல் வந்ததே இதற்காகத்தான், ஹை ஃப்ரீக்வென்சியில் 10 டிபி வரை குறைக்கும்.

உறையில் டால்பி குறி இருந்தால் டெக்கில் டால்பியைப் போட்டு ஓட்டுங்கள். குறி இல்லாத கேசட்டில் போட்டால் ஹிஸ்ஸோடு சேர்த்து ஜால்ரா சத்தத்தையும் விழுங்கிவிடும். அதை விட முக்கியம் ஹெட்டின் சாய்வு. ஹெட் பக்கத்தில் ஸ்ப்ரிங் போட்ட சின்ன ஸ்க்ரூ இருக்கும், கேசட் ஓடும்போதே அதை மிக லேசாகத் திருப்பி, ட்ரெபிள் எந்த இடத்தில் மிகத் தெளிவாக வருகிறதோ அங்கே விடுங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இது மாறும். ட்ரெபிள் ஹெட்டிலிருந்தே சரியாக வந்துவிட்டால் பிறகு கம்ப்யூட்டரில் ட்ரெபிளைத் தூக்க வேண்டியதில்லை, ஹிஸ்ஸும் தூக்கப்படாது. ஹெட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். இரைச்சல் நீக்காத மூலப் பதிவை ஒரு பிரதி தனியாக வைத்துவிட்டு அப்புறம்தான் மென்பொருளில் கை வைக்க வேண்டும், நாடா இன்னொரு முறை ஓடுமா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

மொட்டைமாடி_ரேடியோ:

சின்ன வால்யூமைக் குறைத்ததிலேயே பாதிக்கு மேல் போய்விட்டது அண்ணாச்சி. நம்பவே முடியவில்லை, அது எதற்கு இருக்கிறது என்றே தெரியாமல் முழுக்கத் திருப்பி வைத்திருந்தேன். பிறகு 10 கிலோ ஓமும் 3.3 கிலோ ஓமும் போட்டேன். இப்போது ஃபேனை அணைத்துவிட்டுக் கட்டிலில் படுத்தால் எதுவும் கேட்கவில்லை. பெட்டிக்கு ஒரு அடி பக்கத்தில் போனால் லேசாக இருக்கிறது. சத்தமும் முன்னால் கேட்ட அளவுக்கு வருகிறது, போனில் வால்யூமை மட்டும் கூட வைக்க வேண்டியிருக்கிறது. அப்பா வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, பாட்டு தொடங்குவதற்கு முன்னால் இருக்கிற அமைதி நன்றாக இருக்கிறது என்றார்.

போர்டில் பார்த்தேன், 39 கிலோ ஓமும் 100 கிலோ ஓமும்தான் இருக்கின்றன, நீங்கள் சொன்ன 32 டிபி. 5.6 கிலோ ஓம் எஸ்எம்டி வாங்கி 20 டிபிக்கு மாற்றலாம் என்று ஆசை. கழற்றும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

சாலிடர்_அண்ணாச்சி:

மகிழ்ச்சி தம்பி. அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

கழற்றுவதற்கு முன்னால் போர்டைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பவரை எடுத்துவிட்டு, பெரிய கண்டன்சர் காலியாகும் வரை பொறுங்கள். 39 கிலோ ஓமின் ஒரு முனையிலிருந்து போர்டு கிரவுண்டுக்கு மல்டிமீட்டரில் பீப் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் அதுதான் கிரவுண்டுக்குப் போகிற ரெசிஸ்டர். இரண்டு முனைக்கும் கொஞ்சம் புது ஈயத்தை வைத்து, இரண்டையும் மாறி மாறிச் சூடாக்கி நகர்த்துங்கள், நெம்பினால் அது ஒட்டியிருக்கிற செம்புப் பேட் போர்டிலிருந்து பிய்ந்து வந்துவிடும். பக்கத்தில் இருக்கிற ஐசிக் கால்களில் ஈயம் பாலம் போட்டிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

ஐசி கெயினைப் படிப்பது ஆன் ஆகும்போது ஒரே ஒரு தடவை. அதனால் ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் தொட்டுப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழுக்க அணைத்து ஆன் பண்ணுங்கள். முதல் தடவை ஆன் பண்ணும்போது அப்பாவின் பெட்டியை மாட்டாமல் ஏதாவது பழைய ஸ்பீக்கரை மாட்டி, ஸ்பீக்கர் முனைகளுக்கு நடுவில் டிசி வோல்டேஜ் இருக்கிறதா என்று பாருங்கள், சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் அந்த 10 கிலோ ஓமையும் 3.3 கிலோ ஓமையும் எடுத்துவிட்டு நேராக மாட்டுங்கள்.